அஜீசுன்னிசா சொன்ன சாட்சி

அஜீசுன்னிசாவுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் அவள் புருஷன் அப்துல் வதூது பினாங்குக்குக் கப்பல் ஏறினான். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு பெருநாளைக்குப் பெருநாள் வந்தது. பிறகு வரவில்லை. அங்கே ஒரு மலாய்க்காரப் பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான் என்று ஊர் திரும்பிய ஒருவர் சொன்னார். அதற்குமேல் லால்பேட்டையில் மாமியார் வீட்டில் அவளுக்கு இடம் இல்லை. வெளியே போ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

அவளுக்கென்று இருந்தது அக்கா அமீனா பீவி ஒருத்திதான். லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். உம்மா இறந்தபோது அஜீசு கைக்குழந்தை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டே அடுப்பு ஊதி, தண்ணீர் எடுத்து வளர்த்தவள் அமீனா. தனக்குக் கல்யாணம் பேசியபோது, தங்கச்சியும் என்னோடு வரணும் என்று சொல்லி அழுதவள். மாப்பிள்ளை நைனா முகம்மது சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அஜீசு அவர் வீட்டில்தான் பெரியவளாகி, அவர் செலவில்தான் நிக்காஹ் ஆகிப் போனாள்.

நைனா முகம்மது சிதம்பரத்தில் வீட்டுத் தரகர். எந்தத் தெருவில் எந்த வீடு காலியாகிறது, எந்த வீட்டுக் கிணறு கோடையில் வற்றும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெரிய குடை ஒன்றும் சாவிக்கொத்து ஒன்றுமாக நாள் முழுவதும் நடப்பார். கொழுந்தியாளின் நிலைமை தெரிந்ததும் அவரே லால்பேட்டைக்குப் போய் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இங்கயே இரு அஜீசு. தனியா இருக்கணும்னா வீடு பாத்துத் தர்றேன். எங்ககூட இருக்கணும்னாலும் சரி" என்றார்.

அவள் தனியாக இருக்கவே விரும்பினாள். இன்னொருவர் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ரயிலடிக்குப் போகும் பாதையில் ஐந்து வீடுகள் கொண்ட ஒரு வரிசை இருந்தது. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, பொதுவாக ஒரு கிணறு. மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு விவசாயம் செய்த ராஜமாணிக்கம் என்பவருக்குச் சொந்தம். அவர் சிதம்பரத்துக்கு வருவதே அபூர்வம். குடி வைப்பது, வாடகை வாங்குவது, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அக்ரிமென்ட்டை ஸ்டாம்பு பேப்பரில் புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்குவது எல்லாம் நைனா முகம்மதுவின் பொறுப்பு. கடைசி வீட்டை அஜீசுவுக்குப் பிடித்துக் கொடுத்தார். ஒரு பைசா கமிஷன் வாங்கவில்லை. அது 1961ஆம் வருஷம்.

காலையில் தெருப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் அவளிடம் குர்ஆன் ஓத வந்தார்கள். மத்தியானத்தில் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தாள். வாடகைக்கும் வயிற்றுக்கும் அது போதும். வெளியே போனால் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு போவாள். வெள்ளிக்கிழமை தவறாமல் லாத்தா வீட்டுக்குப் போவாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது அந்த வருஷங்களில்தான்.

பக்கத்து வீட்டில் சௌந்தரம் இருந்தாள். அவள் புருஷன் கோவிந்தசாமிக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. ஒரு ஐப்பசி மாதம் அஜீசுவுக்கு விஷக் காய்ச்சல் கண்டு மூன்று வாரம் படுத்துவிட்டாள். அமீனா பகலில் வந்து போனாள். இரவெல்லாம் பக்கத்தில் கிடந்தவள் சௌந்தரம்தான். வாந்தி அள்ளினாள், கஞ்சி புகட்டினாள், சிக்குப் பிடித்த தலைமுடியைப் பொறுமையாகப் பிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் இருந்ததே தவிர வேறொன்றும் இல்லை.

1963இல் அக்ரிமென்ட்டு புதுப்பிக்கிற மாதம் வந்தது. முந்தைய வருஷங்களில் ஸ்டாம்பு பேப்பருக்கும் எழுத்துக்கூலிக்கும் மட்டும் வாங்கிய நைனா முகம்மது, இந்தமுறை வீட்டுக்கு ஒரு மாத வாடகை ரெனீவல் கமிஷன் என்று கேட்டார். வீட்டுக்காரர் உத்தரவு, தராதவர்கள் காலி பண்ண வேண்டும் என்றார்.

முதல் வீட்டில் தனியாக இருந்த கிழவர் சுப்பராயலு பயந்துபோய் ஒரு பித்தளை அண்டாவை விற்றுக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் கொடுக்கவில்லை. இரண்டாம் வீட்டு தேவசகாயம் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர், நிதானமான மனிதர். அவர்தான் முதலில் கேட்டார்.

"பாய், புது வீடு புடிச்சிக் குடுத்தா கமிஷன், சரி. நியாயம். இருக்கிற வீட்டுலயே இருக்கறதுக்கு இன்னாத்துக்குங்க கமிஷன்?"

"எங்கிட்ட கேட்டு இன்னா பிரயோசனம்? வீட்டுக்காரரு சொல்றாரு, நான் கேக்கறேன்."

"அப்ப ரசீது குடுங்க. அவரு பேருல."

"ரசீதெல்லாம் கெடையாது. இஷ்டம்னா இருங்க, இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க."

கோவிந்தசாமி அவ்வளவு நிதானமானவன் இல்லை. குரலை உயர்த்தினான். நைனா முகம்மது பதில் பேசாமல் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். அடுத்த வாரம், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யும்படி கோவிந்தசாமிக்கு மட்டும் சொல்லி அனுப்பினார். சௌந்தரத்துக்கு அது நிறைமாதம்.

அஜீசுவிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"யாராச்சும் கேட்டா, நானும் குடுத்துட்டேன்னு சொல்லிடு அஜீசு. நீ ஒண்ணும் தர வேணாம்."

"வீட்டுக்காரரு கேக்கறாருன்னு சொன்னீங்களாமே மச்சான்?"

அவர் சிரித்தார். "அவருக்கு இதெல்லாம் எங்க தெரியும்? கரும்பு வெட்டவே அவருக்கு நேரமில்ல. அவரு பேரைச் சொன்னாத்தான் இவனுங்க குடுப்பானுங்க."

அமீனா குழம்பை ஊற்றிக்கொண்டே, "சாப்பிடறப்ப எதுக்கு அந்தப் பேச்செல்லாம்?" என்றாள்.

அவர் தீயவர் இல்லை. சேத்தியாத்தோப்பில் இன்னொருவரோடு சேர்ந்து மல்லாட்டைக் கடலை வாங்கிப் போட்டு நஷ்டப்பட்டிருந்தார். மூத்த மகள் மெகருன்னிசாவுக்குக் கடலூரில் ஒரு நல்ல இடம் பேசி முடித்திருந்தது. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இதெல்லாம் அஜீசுவுக்குத் தெரியும். ஆனாலும் அன்று பாதிச் சோற்றிலேயே கை கழுவினாள். காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

கடைசி வீட்டில் மட்டும் கமிஷன் கேட்கவில்லை என்ற விஷயம் சீக்கிரமே மற்றவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் கிணற்றடிக்கு வந்தால் பேச்சு நின்றது. தேவசகாயத்தின் மனைவி குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போனாள். சௌந்தரம் மட்டும் நேராகக் கேட்டாள்.

"அக்கா, ஒங்ககிட்ட வாங்கினாரா?"

"இல்ல சௌந்தரம்."

"சரிக்கா. ஒங்க சொந்தம், வாங்கமாட்டாருதான்" என்றாள் சௌந்தரம். முகத்தில் கோபம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துணி பிழியத் திரும்பினாள். கோபித்துக்கொண்டிருந்தால் அஜீசுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவசகாயம் மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போய் ராஜமாணிக்கத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். நேரில் வந்து விசாரிக்கிறேன் என்று அவர் சொன்னபடியே வந்தார். கிணற்றடியில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நைனா முகம்மதுவையும் வரச் சொல்லியிருந்தார். மற்ற நாலு வீட்டுக் குடித்தனக்காரர்களும் வெளியே நின்றார்கள். அஜீசு மட்டும் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அந்நிய ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் வந்து நிற்கிற வழக்கமில்லை.

ராஜமாணிக்கம் கேட்டார். "பாய், நான் கமிஷன் வாங்கச் சொன்னேன்னு இவுங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்லீங்க. என் ஒழைப்புக்கு நான் கேட்டேன். அய்யா பேரை எதுக்கு நான் இழுக்கப்போறேன்?"

"பொய்யிங்க!" என்றான் கோவிந்தசாமி.

"அல்லா மேல ஆணையாச் சொல்றேங்க. அய்யா பேரைச் சொல்லி நான் கேக்கல."

கிழவர் சுப்பராயலு ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தரையைப் பார்த்தார். ராஜமாணிக்கம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பெரிய மனுசன், ஆணை வெச்சிச் சொல்றாரு. இதுக்கு மேல நான் இன்னா பண்ண முடியும்? அது ஒங்களுக்கும் அவருக்கும் உள்ள விவகாரம். இஷ்டமில்லன்னா காலி பண்ணிக்குங்க."

சௌந்தரம் நிற்க முடியாமல் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். கதவிடுக்கு வழியாக அஜீசு அதைப் பார்த்தாள்.

"அவரு சொன்னாருங்க."

அது தன் குரல்தான் என்பது அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

"யாரு அது?" என்றார் ராஜமாணிக்கம்.

"கடைசி வீட்டு அம்மாங்க. புரோக்கரோட கொழுந்தியா" என்று தேவசகாயம் சொன்னார்.

"அய்யா பேரைச் சொன்னாத்தான் குடுப்பாங்கன்னு அவரு வீட்டுல வெச்சி எங்கிட்ட சொன்னாருங்க. எங்கிட்ட மட்டும் வாங்கலிங்க. குடுத்துட்டேன்னு சொல்லச் சொன்னாருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் பிடித்திருந்த கதவின் தாழ்ப்பாள் கடகடவென்று ஆடியது வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

நைனா முகம்மது மறுக்கவில்லை. சாவிக்கொத்திலிருந்து ஐந்து வீட்டுச் சாவிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி நாற்காலியின் மேல் வைத்தார். சுப்பராயலு கொடுத்ததை நாளைக்குத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். போகும்போது கடைசி வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றார்.

"நல்லா இரும்மா" என்றார்.

அந்தக் குரலில் கோபம் இருந்ததா, குத்தல் இருந்ததா, உண்மையாகவே வாழ்த்தினாரா என்று அஜீசு பல வருஷம் யோசித்திருக்கிறாள். அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அன்று இரவு சௌந்தரம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேவசகாயத்தின் மனைவி ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். பத்து நாள் கழித்துச் சௌந்தரத்துக்கு அந்த வீட்டிலேயே ஆண்குழந்தை பிறந்தது. கொளஞ்சியப்பன் என்று பெயர் வைத்தார்கள். குழந்தையை முதலில் கையில் வாங்கியவள் அஜீசுதான்.

ஆனால் சாட்சி சொன்ன வாரத்து வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டது. "லாத்தா" என்று கூப்பிட்டாள். அரைக்கிற சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள். பாதித் தெரு வந்ததும் மறுபடி அரைக்கிற சத்தம் கேட்டது.

தரகர் ஆணை வைத்துப் பொய் சொன்னார், சொந்தக் கொழுந்தியாளே சாட்சி சொன்னாள் என்று ஊரெல்லாம் பேச்சானது. ஊரில் மற்ற வீட்டுச் சொந்தக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக அவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கடலூர்க்காரர்களின் காதுக்கும் அது போயிற்று. மெகருன்னிசாவின் சம்பந்தம் முறிந்தது. மறுவருஷம் நைனா முகம்மது சிதம்பரத்து வீட்டைக் காலி செய்துகொண்டு கடலூர் பழைய டவுனுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். துறைமுகத்துப் பக்கம் ஒரு தானிய மண்டியில் மூட்டை தூக்கி எடை போடுகிற வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

நோன்புப் பெருநாளைக்கு அடுத்த நாள் அஜீசு ஒரு தூக்கில் இனிப்பு எடுத்துக்கொண்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினாள். தனியாக அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். உப்புக்காற்றில் சுவர் உதிர்ந்த ஓட்டு வீடு. இந்தமுறை அமீனா கதவைத் திறந்தாள். ஆனால் வழிவிடவில்லை. நிலைப்படியிலேயே நின்றாள். இளைத்திருந்தாள்.

"லாத்தா, பெருநாளுக்கு..."

"எதுக்கு வந்தே?"

"என்னால பொய் சொல்ல முடியல லாத்தா. அல்லா மேல ஆணை வெச்சிட்டாரு. அந்தப் பொண்ணு நெறமாசமா..."

"பொய் சொல்லுன்னு ஒன்னை யாரும் சொல்லல. ஒன்னை யாரு கேட்டா அஜீசு? கதவுக்குப் பின்னாலதானே நின்னே? சும்மா இருந்திருக்கலாமில்ல?"

அஜீசு தூக்கை முன்னால் நீட்டினாள்.

"அவரு பண்ணது தப்புதான். எனக்குத் தெரியாதா? நானுந்தானே கேட்டுக்கிட்டிருந்தேன். நான் சும்மா இருக்கலியா?" அமீனாவின் குரல் உடைந்தது. "ஒன்னை இடுப்புல வெச்சிக்கிட்டு அடுப்பு ஊதினேன். எம்புள்ள கல்யாணம் நின்னு போச்சு. அதுவும் ஒன் வாயால."

அவள் தூக்கை வாங்கிக்கொள்ளவில்லை. கதவை ஓங்கிச் சாத்தவும் இல்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம் அஜீசு அந்த இனிப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு இரண்டு பெருநாளைக்குப் போனாள். இரண்டு தடவையும் கதவு திறக்கவில்லை. மூன்றாம் பெருநாளைக்குப் போகவில்லை.

அந்த வரிசையும் அப்படியே இருக்கவில்லை. கோவிந்தசாமிக்கு விருத்தாசலத்துக்கு மாற்றலாகியது. சௌந்தரம் வண்டியில் ஏறும்போது, "லீவுக்கு லீவு வருவேங்க்கா" என்றாள். ஒருமுறை வந்தாள். பிறகு இரண்டாவது குழந்தை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று வரத்து நின்றுபோயிற்று. தேவசகாயம் சொந்தமாக மருந்துக்கடை வைக்க நெய்வேலிக்குப் போனார். கிழவர் சுப்பராயலு இறந்துபோனார். புதிதாக வந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. அக்ரிமென்ட்டை இப்போது ராஜமாணிக்கத்தின் மருமகன் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனான். கமிஷன் இல்லை. அந்த வரிசையில் அப்படி ஒன்றை யாராவது கேட்டார்கள் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள். அஜீசு யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தாள். மத்தியானத்தில் சட்டை தைத்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் வேலை ஓடாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பாள்.

1968ஆம் வருஷத்து அடைமழையில், கடலூரிலிருந்து ஜவுளி கொண்டுவரும் வியாபாரி ஒருவர் அவள் வாசலில் குரல் கொடுத்தார். "நைனா முகம்மது வூட்டம்மா மவுத்தாயிட்டாங்க. விடியக்காலையில. ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்."

சொல்லி அனுப்பியது யார் என்று அவள் கேட்கவில்லை. யாரும் சொல்லி அனுப்பவில்லை என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

ஆலப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் சாலையில் தண்ணீர் ஓடியது. பஸ் வெகுநேரம் நின்று, பிறகு மெல்ல ஊர்ந்தது. லாத்தாவைக் குளிப்பாட்டத் தன் கை வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அமீனாவின் முகத்தில் வாய் மட்டும் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அஜீசு சத்தம் போட்டு அழவில்லை. முகத்துக்கு மேல் கையைக் கொண்டுபோய், ஈரக்கை என்று நினைத்துத் துப்பட்டியில் துடைத்துக்கொண்டு, பிறகு தொடாமலே இருந்துவிட்டாள்.

மெகருன்னிசாவுக்குப் பிற்பாடு மனைவியை இழந்த ஒருவரோடு நிக்காஹ் ஆகியிருந்தது. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூணு நாளா பேச்சில்ல சாச்சி. வாயி கோணிப்போச்சு. கண்ணை மட்டும் முழிச்சி முழிச்சிப் பாத்தாங்க" என்றாள். சாச்சி என்று சின்னம்மா முறை சொல்லி அவள் கூப்பிட்டபோதுதான் அஜீசுவுக்கு அழுகை வந்தது.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். நைனா முகம்மது திரையைத் தாண்டிச் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. மூட்டை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியிருந்தது.

அஜீசு கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். கேட்டுவிட்டாள். "மச்சான், லாத்தா என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டுச்சா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டா. நேத்து ராத்திரி கேட்டா. அஜீசு எங்கன்னு கேட்டா."

மெகருன்னிசா நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அஜீசுவும் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிகிற வரைக்கும் அங்கே இருந்தாள். வந்தவர்களுக்குச் சமைத்தாள். அக்காவின் துணிகளைத் துவைத்து மடித்து, ஏழைகளுக்குக் கொடுக்க எடுத்து வைத்தாள். கிளம்பும்போது நைனா முகம்மது பஸ் வரைக்கும் கூட வந்தார். தூறிக்கொண்டிருந்தது. அவள் துப்பட்டிக்குள், அவர் தலையில் ஒரு துண்டோடு, இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நடந்தார்கள். பஸ்ஸில் அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அவர் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"அந்த வீட்டுலதான் இருக்கியா இன்னும்?"

"ஆமா மச்சான்."

"வாடகை இப்ப எவ்வளவு வாங்கறாங்க?"

சொன்னாள்.

"ஜாஸ்தி" என்றார் அவர். "அந்த வீட்டுக்கு அது ஜாஸ்தி. மழையில சமையக்கட்டு ஒழுவுமே."

"ஒழுவுது மச்சான்."

கண்டக்டர் விசில் கொடுத்தான். இன்னும் ஏதோ சொல்ல வந்தவர் போல அவர் ஓரடி முன்னால் வந்தார். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.